வலை இருந்தது

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜர். ஒரு சாரல் சீசனில் தாவரவியல் பேராசிரியர் ஒருவர் வந்து தங்கினார். ஒல்லியான மனிதர். அடிக்கடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். மாட்டியதும் சாரல் அதை மறுபடி மூடிவிடும்.

ஒருநாள் காலையில் காட்டிலிருந்து ஒரு காளானைக் கொண்டுவந்து காட்டினார். தலைக்குக் கீழே வெள்ளை வலையொன்று பாவாடை போல விரிந்து நின்றது. செத்த எலியின் நாற்றம். கல்லூரியில் உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைக்கும் ஹெர்பேரியத்தில் வைக்க அதைக் காயவைக்க வேண்டும் என்று கரி அடுப்பு கேட்டார். கொடுத்தேன்.

மத்தியானத்துக்குள் மாடி முழுக்க நாறியது. அருவியில் குளிக்க வந்த குடும்பங்கள் மூட்டை கட்டத் தொடங்கின. மேலே போனேன்.

“சார், எல்லாருக்கும் குமட்டுதுன்னு சொல்லுதாவ. அடுப்பை அணைச்சிருங்க.”

“அணைச்சாச்சு. அது கரைஞ்சு போச்சு,” என்றார். “சாரல்லதான் இது முளைக்குது. அந்தச் சாரலே காய விடமாட்டேங்கு. நான் என்ன செய்ய?”

காளானை வைத்திருந்த தாளில் பழுப்பாய் ஓர் ஈரம் மட்டும் இருந்தது.

“காலேஜ்ல கேட்டா நீங்கதான் சாட்சி. காலையில நீங்க பாத்தியள்லா? வலை இருந்துச்சுல்லா?”

“இருந்துச்சு சார்.”

ஈரத்தாளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். அப்புறம் அவர் வரவே இல்லை.

வலை இருந்தது என்று சொல்ல நான் இன்னும் இருக்கிறேன். இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.