வளை வாசலில் ஒரு கேமரா

மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. சங்கரன்கோவிலில் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிறவனுக்கு அந்த மாதம் கடையில் ஈ ஓட்டுகிற வேலைதான். நான் ஈ ஓட்டாமல் நரி பார்க்கப் போவேன். குருவிகுளம் பக்கம் ஒரு கரிசல் தரிசில் குள்ளநரி ஒன்று வளை தோண்டிக் குடியிருந்தது. வயிறு கனத்த பெட்டை. தை பிறந்தால் அங்கேயே குட்டி போட்டுவிடும் என்று நினைத்திருந்தேன்.

மண்டபத்துக் கூட்டத்தை ஒரே படத்தில் அடக்குவதற்காக வாங்கிய வைட் ஆங்கிள் லென்ஸைத்தான் அங்கேயும் கொண்டுபோனேன். அதில் நரி பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் கைக்கெட்டும் தூரத்தில் அது நிற்க வேண்டும். நாம் கிட்டப் போனால் நிற்குமா? அதனால் உடைந்துபோன பழைய கேமரா ஒன்றை முதலில் வளைப் பக்கத்தில் போட்டுவைத்தேன். நரி முகர்ந்து பார்த்தது. பிறகு அதன்மேலேயே மூத்திரம் பெய்தது. அந்த அளவு பழகிய பிறகுதான் நல்ல கேமராவை அங்கே வைத்து, தூரத்தில் உடைமரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு ரிமோட்டை அமுக்கினேன். பனியில் மூக்கு நனைந்து, சாவகாசமாக அது நின்ற படங்கள் என்னிடம் இருக்கின்றன.

எங்கள் ஊர் பாங்க் அதிகாரி ஒருவருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. என்னுடையதைவிட நல்ல கேமரா. ஆடு மேய்க்கிறவர்களிடம் விசாரித்து இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு காலையில் நான் போனபோது எனக்கு முன்னால் அங்கே நின்றார். நரி வளைக்குப் பல வாசல் இருக்கும். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கல் வைத்து அடைத்திருந்தார். அந்த ஒன்றின் முன்னால் அவருடைய கேமரா.

"என்னவே செஞ்சிருக்கீரு?" என்று கத்தினேன்.

"கோவப்படாதிய அண்ணாச்சி. ஒத்த வாசல்னா இங்கனதான வந்தாகணும்? உங்கள மாரி காத்துக் கெடக்க எனக்கு லீவு கெடையாது. நரி ஓடிட்டு, படம் கெடச்சிட்டு" என்று திரையைக் காட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவர் வீட்டுப் பின்வாசலைப் பூட்டிவிட்டு முன்வாசலில் ஒருவன் குத்தவைத்திருந்தால் சும்மா விடுவாரா? படித்த மனுசன், சம்பளம் வாங்குகிற மனுசன், பிள்ளைத்தாய்ச்சியை இப்படியா மறிப்பது? கற்களைப் பிடுங்கி எறிந்தேன். அவர் சாமான்களைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மார்கழி முடியும்வரை தினமும் போய்ப் பார்த்தேன். வளை வாசலில் ஒரு கால்தடம்கூட இல்லை.

தையில் தன் பெண்ணின் கல்யாணத்துக்குப் படமெடுக்கச் சொல்ல ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாகப் போனை நீட்டினார். அதே படம். 'என்னை நம்பி அருகில் வந்த தோழி' என்று கீழே எழுதியிருந்தார் அந்த உத்தமர். காது இரண்டும் பின்னால் ஒட்டியிருக்க, திறந்த வாய் லென்ஸுக்குக் கிட்டத்தில் அகலமாகத் தெரிந்தது.

"நரி எப்பிடிச் சிரிக்கு பாத்தியளா அண்ணாச்சி?"

"அது சிரிக்கல. குட்டிய எங்கன போடன்னு தெரியாம ஓடிக்கிட்டு இருக்கு" என்றேன்.

அவர் போனைத் திருப்பி இன்னொரு தரம் பார்த்தார்.

"இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.