ஆளைக் கொல்லாத குண்டுக்கு நாகல் நகரில் நடந்த சோதனை

2003 மார்ச்சில், ஈராக் போர் தொடங்கவிருந்த நாட்களில், மைக்ரோவேவ் ஆயுதம் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. ஆளைத் தொடாதாம், மின்னணுக் கருவிகளை மட்டும் முடக்குமாம். பயன்படுத்தப்படலாம் என்றுதான் எழுதினார்கள்; கண்ணால் பார்த்ததாக நான் படித்த எதிலும் இல்லை. திண்டுக்கல்லில் நாளிதழ் நிருபராக இருந்த நான் கிடைத்ததையெல்லாம் படித்து ஒரு கட்டுரை எழுதினேன். அதுவரை என் எழுத்து குடிநீர் மறியலையும் தக்காளி விலையையும் தாண்டியதில்லை. இது வந்தால் ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கம், என் பெயரோடு.

எங்கள் அலுவலகத் தலைவருக்கு ஒரு வழக்கம் உண்டு. அறிவியல் கட்டுரை எதுவானாலும் நாகல் நகர் டீக்கடையில் வாசித்துக் காட்ட வேண்டும். அங்கே எடுபட்டால் மதுரைத் தலைமை அலுவலகத்துக்குப் போகும். இல்லையென்றால் அவருடைய மேசை இழுப்பறையோடு சரி.

அன்று மாலை வாசித்தேன். பாதியிலேயே பூட்டு வியாபாரி ஒருவர் சிரித்துவிட்டார்.

"ஆளு சாக மாட்டான், ரேடியோ மட்டும் சாகுமாம். அப்படி ஒண்ணு இருந்தா மொதல்ல எங்க தெரு லவுட்ஸ்பீக்கர் மேல போடுங்கப்பா!"

"மொபெட் போனா டிவியில கோடு விழுதுல்லண்ணே? அதே மாதிரிதான்" என்றேன்.

"கோடு விழுந்துச்சு, சரி. டிவி செத்துச்சா?"

தலைவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அடுப்பருகே மின்பொறி தட்டும் கேஸ் லைட்டர் கிடந்தது. அதை எடுத்துக் கல்லாவிலிருந்த கால்குலேட்டரின் மேல் பிடித்து டிக் டிக்கென்று அழுத்தினேன். எண்கள் கலைந்தன. திரை வெறுமையானது. எந்தப் பொத்தானுக்கும் அது அசையவில்லை.

"அடப்பாவி, கொன்னுட்டியே!" என்று கடைக்காரர் அலறினார். பெஞ்சிலிருந்த எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் கால்குலேட்டர் பிழைத்தது. என் முழுப் பக்கம் கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்தேன்.

வியாபாரி கையை நீட்டினார். "லைட்டரக் குடு. எங்க கடையில பூட்ட நாங்க தொறந்து காட்ட மாட்டோம். வாங்குறவன் கையாலதான் தொறந்து பாக்கணும்."

ஒட்டிப் பிடித்து அழுத்தினார், செத்தது. பிழைக்க வைத்து, ஒரு சாண் தள்ளி அழுத்தினார்; ஒன்றும் ஆகவில்லை. பிறகு கால்குலேட்டரை எவர்சில்வர் தூக்குவாளிக்குள் வைத்து மூடி, மூடி மேலேயே அழுத்தினார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

"இம்புட்டுதானா ஒன் குண்டு? ஒரு தூக்குவாளியத் தாண்டல!"

கடையே சிரித்தது. முழுப் பக்கம் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் சண்டை தொடங்கியது.

"இது அடுப்புக்கு உள்ளதுண்ணே. ராணுவத்துக்காரன் பெருசாச் செய்வான்ல?" என்றார் பெஞ்சிலிருந்த ஒருவர்.

"செய்யட்டும். தூக்கிட்டு வர லாரி வேணாமா?" என்றார் வியாபாரி.

"பிளேன்ல கொண்டு வருவான்."

"அதுல அவன் பிளேனே செத்து விழுந்துட்டா?"

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. தலைவர் என் கையிலிருந்த கட்டுரையை வாங்கிப் புரட்டினார். "இந்தச் சண்டை இதுல இல்லையேப்பா. அதையும் எழுது. முழுப் பக்கம் நான் கேக்குறேன்."

திருப்பி எழுதினேன். தூரம் கூடக் கூட அதன் வீரியம் குறைகிறது. இடைவெளியில்லாத உலோக உறை அதைத் தடுக்கிறது. ராணுவங்கள் வெளியே காட்டாததால் எதையும் சரிபார்க்க வழியில்லை. ஆனாலும் அதன் அடிப்படை இயற்பியல் பொய்யல்ல. இத்தனையும் இப்போது உள்ளே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாகல் நகருக்கு ஓடினேன். முழுப் பக்கம் வந்திருந்தது, மேலே என் பெயர். வியாபாரி அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்தபோது அவரை முழங்கையால் தள்ளினார்.

"இப்ப நம்புறீங்களாண்ணே?"

"நம்பல" என்றார், தலை நிமிராமல். "செத்த நேரம் இருப்பா, இன்னும் ஒரு பத்தி கெடக்கு."