கை தூக்கினாலும் நிற்காத பாட்டு

தகரம் என்ற பெயர் எங்கள் வீட்டில் முதலில் விழுந்தது பெரிய நாத்தனார் வாயிலிருந்துதான். "என் ஓர்ப்படியோட தங்கச்சி மக ஒருத்தி நாடகத்துல பாடுறாளாம். தொண்டையா அது, தகர டப்பா!" என்று அவள் சொல்ல, வீடே சிரித்தது. சொன்னது எப்படியோ அந்தப் பெண் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. அவள் கோபப்படவில்லை. பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள்.

தகரம் பாடிய நாடக அரங்கில்தான் அவள் அம்மாவும் முன்பு கூட்டுப்பாட்டுக்காரி. சலவைக்கூடத்துப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்யும் கதையை அந்தக் காலத்தில் பாட்டு நாடகமாகப் போட்டார்கள். நாலே நாளில் படுத்துவிட்டது. அதற்குக் காரணம் அரங்கின் வழக்கம் ஒன்று. கடைசி ஒத்திகையில் நிர்வாகி பின்வரிசையில் உட்காருவார். பாட்டு காதுக்கு எட்டாவிட்டால் கையைத் தூக்குவார். அத்தோடு அந்தப் பாட்டு காலி. பெண்கள் வேலையை விட்டெறியும் பாட்டில் கை உயர்ந்தது. அந்தப் பாட்டு போனபின், இவர்கள் எதற்குக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போகிறார்கள் என்றே பார்த்தவர்களுக்கு விளங்கவில்லை. அம்மாவோ வீட்டில் துணி துவைக்கும்போதெல்லாம் அதைப் பாடித் தீர்த்தாள். மகளுக்கு அது தானாக மனப்பாடமானது.

கூட்டுப்பாட்டுக்குத் தலைவியானதும் தகரம் நேரே நிர்வாகியின் அறைக்குப் போனாள். அன்று கை தூக்கியவரின் மருமகன்தான் இப்போது நிர்வாகி.

"படுத்துப்போன நாடகம்மா அது. அத எதுக்குத் தூசி தட்டுற?"

"அதுவா படுக்கல சார். உங்க மாமனார் படுக்க வச்சாரு."

வேறொரு குழு வராமல் போனதில் அரங்கு ஒரு மாதம் சும்மா கிடந்தது. அதனால் ஒத்துக்கொண்டார். "ஆனா நான் கை தூக்கினா தூக்கினதுதான்" என்றார்.

முன்பு மேடையில் துவைக்கும் காட்சியைக் காய்ந்த துணியை வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள். தகரம் நனைந்த போர்வைதான் வேண்டும் என்றாள். ஈரப் போர்வை பலகையில் விழும் அடிதான் பாட்டுக்குத் தாளம்.

"மேடைப் பலகை தண்ணியில ஊதிப்போச்சுன்னா நீயா வந்து இழைப்ப?" என்று தச்சர் குதித்தார்.

"நான் பாடுறேன், நீங்க இழைங்கண்ணே."

முணுமுணுத்துக்கொண்டே தார்ப்பாய் விரித்துக் கொடுத்தார்.

ஒரு தப்பு மட்டும் நடந்துவிட்டது. ஒத்திகையெல்லாம் கூரை தாழ்ந்த பின்னறையில். அங்கே யார் பாடினாலும் கணீரென்றிருக்கும். கடைசி ஒத்திகைக்குப் பெரிய மேடைக்கு வந்ததும் துணியடி இடியாய் விழுந்தது, குரல்கள் அதற்கடியில் அமுங்கின. தகரத்துக்கு அது உறைத்தபோது பின்வரிசையில் கை உயர்ந்துவிட்டது.

வாத்தியங்கள் நின்றன. போர்வையோடு பெண்கள் சிலையானார்கள். அம்மா வாயை மூடியது இந்த இடத்தில்தான் என்பது தகரத்துக்குத் தெரியும். அவள் மூடவில்லை. சொட்டும் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாடியபடியே மேடைப்படி இறங்கினாள். ஒருத்தி பின்னால் வந்தாள். பிறகு எல்லோரும். கம்பளமெல்லாம் தண்ணீர்.

"நிறுத்து! கை தூக்கியிருக்கேன்ல!"

கடைசி வரியை அவர் முகத்துக்கு நேரே பாடி முடித்தாள்.

"இப்பக் கேட்டுச்சா?"

"காதுக்குள்ள வந்து கத்துனா கேக்காம என்ன பண்ணும்?"

"கேட்டுச்சுல்ல? கைய இறக்குங்க."

"வழக்கம்னு ஒண்ணு இருக்கும்மா!"

"எட்டலைன்னாத்தான வெட்டணும்? எட்டுற தூரத்துக்கு வந்துட்டோமே."

கூட்டத்தில் மூத்தவள் போர்வையை அவர் காலடியில் பொத்தென்று போட்டாள். "பாட்டு இல்லன்னா நாங்களும் இல்ல தம்பி. நாளைக்கு நீங்களே இத முறுக்கிக்கிட்டு ஆடுங்க."

ஒருவரும் நகரவில்லை. கடைசியில் நிர்வாகியின் கை இறங்கியது. வியர்வை துடைக்கத்தான் இறக்கினேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதல் ஆட்டத்திலும் பெண்கள் அப்படியே பாடிக்கொண்டு நடைவழியில் இறங்கி வந்தார்கள். ஓரத்து இருக்கைக்காரர்கள் முழங்காலை ஒடுக்கினார்கள். அதில் எங்கள் பெரிய நாத்தனாரும் ஒருத்தி, மடியெல்லாம் ஈரம். "நனைச்சுட்டாளே பாவி!" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே மறுவாரமும் அதே இருக்கையைக் கேட்டு வாங்கினாள்.

தகரம் இப்போதும் அதே அரங்கில் கூட்டுப்பாட்டுத் தலைவிதான். குடியிருப்பது அரங்குக்குப் பின்தெருவில், இரண்டாம் மாடியில். இன்று மாலை ஆட்டம் இருக்கிறது. போர்வைகளை ஊறவைக்கப் போயிருக்கிறாள்.