இடுப்பில் ஒரு ரிவோல்வர், வீட்டில் மூன்று போத்தல் எண்ணெய்

போன மாதம் முழுக்க எங்கள் வீட்டுக்கு எண்ணெய் வந்துகொண்டே இருந்தது.

முதலில் முன்வீட்டு ராசமணி அக்கா ஒரு போத்தலோடு வந்தார். "லேசாச் சூடாக்கிப் பூசிவிடு பிள்ளை. ரெண்டு நாளிலை எழும்பி ஓடுவார்" என்றார். பிறகு உடுவிலில் இருந்து என் மச்சாள் ஒன்று அனுப்பினாள். கடைசியில் எங்கள் பிள்ளையார் கோயில் ஐயரே ஒரு சின்னப் போத்தலை என் கையில் தந்து, "எங்கடை அப்பா காலத்து எண்ணெய், வீணாக்கிப் போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் இடுப்புப் பிடிப்புக்கு. என் கணவரின் இடுப்புப் பிடிப்புக்கு.

இதில் சின்னச் சிக்கல் ஒன்று... அவருக்கு இடுப்புப் பிடிப்பே இல்லை. அவர் இடுப்பில் இருந்தது ஒரு ரிவோல்வர்.

பயப்படாதீர்கள், அனுமதிப்பத்திரம் உள்ள ரிவோல்வர்தான். இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும் — மீன்குழம்பில் முள் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டிய அதே மனிதர். புத்தூரில் பெற்றோல் செட் நடத்துகிறார். வீடு கொக்குவிலில். அன்றைய காசை மாலையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவது பல வருடப் பழக்கம். வழியில் ஒரு வயல்வெளி வரும். கூப்பிட்டால் கேட்க ஒரு வீடு கிடையாது.

சென்ற வருடம் அந்த வயல்வெளியில் முகத்தை மூடிய இரண்டு பேர் மறித்தார்கள். கையில் வாள். இவர் மறுபேச்சுப் பேசாமல் காசுப் பையைக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகும் ஒருவன் வெட்டினான். இடது கையைத் தூக்கித் தடுத்தபடியால் கழுத்து தப்பியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார்.

"நான் பையைக் குடுத்திட்டனே... குடுத்த பிறகும் ஏன் வெட்டினவன்?"

காசு போனதை நாங்கள் ஒரு கிழமையில் மறந்துவிட்டோம். கேட்டதைக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை இருந்ததே, அது போனதுதான் அவரைத் தின்றது. காயம் ஆறிய பிறகும் முழுக்கைச் சேட்தான் போட்டார். தழும்பை எவருக்கும் காட்டவில்லை.

துவக்கு ஒன்று வாங்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது நான் மறுக்கவில்லை. மறுத்திருப்பேன் என்று நினைத்தீர்களா? வெட்டுப்பட்ட கையை ஒவ்வொரு நாளும் கழுவிக் கட்டியவள் நான். அடுத்த முறை அவர் வெறுங்கையோடு நிற்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் எனக்கு அது லேசான விஷயமும் இல்லை. எங்கள் தலைமுறைக்கு துவக்கு என்ன புதிதா? பள்ளிக்கூடம் போகும் வழியிலேயே எல்லா அளவிலும் பார்த்துவிட்டோம். ஆனால் அது எப்போதும் மற்றவர்களுடைய தோளில் இருந்தது. எவர் தோளில் தொங்கினாலும் நாங்கள் தெரு ஓரத்துக்கு ஒதுங்கினோம். இப்போது அது என் வீட்டுக்குள் வரப்போகிறது... நான் எந்த ஓரத்துக்கு ஒதுங்குவது?

விண்ணப்பம், பொலிஸ் அறிக்கை, விசாரணை, மனநலம் சரியாக இருக்கிறது என்று வைத்தியர் தரும் சான்றிதழ் — ஒன்றொன்றாக முடிந்தது. அந்தச் சான்றிதழை என்னிடம் கேட்டிருந்தால் நான் சில நிபந்தனைகள் சேர்த்திருப்பேன். எவரும் கேட்கவில்லை.

தெரிவு செய்யக் கொழும்புக்கு நானும் போனேன். ஒரு சேலை எடுப்பதற்கே என்னைக் கடைக்குள் விட்டுவிட்டு வாசலில் நிற்கிற மனிதர், அங்கே கண்ணாடிப் பெட்டியை விட்டு அசையவே இல்லை. யூடியூபில் வெள்ளைக்காரர் சொன்னதெல்லாம் மனப்பாடம். பெரியதாக, கறுப்பாக, பார்த்தாலே கள்ளன் ஓடுகிற மாதிரி ஒன்றைக் காட்டி, "இது" என்றார்.

கடைக்காரர் அனுபவசாலி. "சார், இத தினமும் இடுப்புல கட்டுவீங்களா? பெருசா வாங்குறவங்க ரெண்டாவது மாசமே மேசை லாச்சியில வச்சிடுவாங்க. லாச்சியில இருந்தா ரோட்டுல எப்படி உதவும்?" என்றார். பிறகு சின்னப் பிஸ்டல் ஒன்றைக் கையில் கொடுத்து, மேல் தகட்டைப் பின்னுக்கு இழுத்துக் காட்டச் சொன்னார்.

வலது கையால் பிடித்து இடது கையால் இழுக்க வேண்டும். இவர் இழுத்தார். தகடு அசையவில்லை. திரும்பவும் இழுத்தார். இடது கை விரல்கள் தகட்டில் வழுக்கின. வெட்டுப்பட்ட பிறகு அந்தக் கையில் பிடி இல்லை என்பது எனக்குத் தெரியும்... ஆனால் அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ரிவோல்வர்னா இந்த வேலையே இல்ல சார், ஒரு கை போதும்" என்றார்.

அப்படித்தான் ரிவோல்வர் வந்தது. தோற்றத்துக்கும் விலைக்கும் அல்ல... அந்தக் கைக்குப் பொருந்தியபடியால். துவக்கு வாங்குவதில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது. மிரட்டுகிறது எது என்று பார்க்கக் கூடாது, உங்களால் ஆளக்கூடியது எது என்று பார்க்க வேண்டும். மாப்பிள்ளை பார்க்கும்போதும் இதைத்தான் நான் சொல்லுவேன்.

வாங்குவது ஒரு வேலை. இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவது வேறு வேலை.

யூடியூப் வெள்ளைக்காரர் எல்லோரும் தடித்த காற்சட்டை, தோல் பெல்ட், மேலே ஒரு ஜக்கற். எங்கள் வெயிலுக்கு ஜக்கற்றா? செட்டில் இருக்கும்போது பிரச்சினை இல்லை. காற்சட்டையும் பெல்ட்டும், தோல் உறை ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்தால் பெல்ட் இல்லாத சாரம். ஒருநாள் குசினியில் தேங்காய் எடுக்கக் குனிந்தார். சாரம் இளகி, உறையோடு சேர்த்து ரிவோல்வர் தொப்பென்று நிலத்தில் விழுந்தது. நான் அகப்பையோடு நிற்கிறேன், அவர் தேங்காயோடு நிற்கிறார்.

"வெடிக்காது... உது அப்பிடி லேசிலை வெடிக்காது" என்றார் கடைசியாக.

"உங்களுக்கு அது தெரியும். அதுக்குத் தெரியுமோ?" என்றேன்.

அன்றிலிருந்து சாரத்துக்கு மேல் அகலப் பட்டி ஒன்று ஏறியது. வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. குளிக்கப் போனால் கிணற்றுக் கட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். என் கவலை அங்கேதான் தொடங்கியது. காசு கொண்டுவருகிற பாதைக்கென்று வாங்கிய சாமான், மனிதரின் முழுநாளையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

அதோடு கோயில்.

எங்கள் கோயில்களில் ஆண்கள் சேட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெறும் மேல், வேட்டி, இடுப்பில் சால்வை. உலகத்தில் துவக்கு விற்கிற எவரும் இதை யோசித்திருக்க மாட்டார்கள். இவர் யோசித்தார். வேட்டிக்குள் உறையைச் செருகி, மேலே சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார்.

போனது பிள்ளையார் கோயில். அங்கே போய்த் தோப்புக்கரணம் போடாமல் வர முடியுமா? இடுப்பில் ரிவோல்வரை வைத்துக்கொண்டு போடத்தான் முடியுமா? எந்த நாளும் காதைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கி, பிறகு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுகிறவர், இப்போது ஒரு கையால் தலையில் குட்டிவிட்டு மரமாக நின்றார். மற்றக் கை சால்வையில். உறை நழுவாமல் இருக்கிறதா என்று அடிக்கடி அமத்திப் பார்த்தபடி.

ஊர் பார்த்தது. ஊர் முடிவெடுத்தது — பாவம், மனிசனுக்கு இடுப்பு. எண்ணெய் வரத் தொடங்கியது.

நான் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தேன். பூசச் சொல்லித் தந்தவர்களுக்கு, "இப்ப கொஞ்சம் பரவாயில்லை" என்றும் சொன்னேன். ஆனால் திருவிழா கிட்டக் கிட்ட எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

திருவிழாவில் ஒரு நாள் எங்கள் குடும்ப உபயம், அன்றைய செலவு எங்களுடையது. அன்று இவர்தான் வாகனத்தின் முன்கொம்பில் தோள் கொடுத்துச் சுவாமியைத் தூக்கிக் காவ வேண்டும். சுவாமி காவுவதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? ஆளோடு ஆள் இடிபட்டு, வேர்வையில் வழுக்கி, கூட்டம் முழுக்க ஒரு பக்கம் சாயும், மறுபக்கம் சாயும். சுற்றிவரச் சின்னப் பிள்ளைகள். அதற்குள் என் மனிதர்... இடுப்பில் தோட்டா போட்ட ரிவோல்வரோடு.

இந்தக் கிழமைதான் அந்த நாள் வந்தது. பகல் திருவிழா. காலையில் அவர் வேட்டியைக் கட்டி உறையைக் கையில் எடுத்தபோது நான் அறை வாசலில் போய் நின்றேன்.

"அதை வைச்சிட்டுப் போங்கோ."

"பிள்ளையாரே கையிலை ஆயுதம் வைச்சிருக்கிறார். நான் வைச்சிருந்தால் என்ன?"

"அவருக்கு அஞ்சு கை. உங்களுக்கு ரெண்டு. அதிலையும் ஒண்டு வெட்டுப்பட்டது."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் கோபிக்கவில்லை. வேறு காரணம் தேடினார்.

"வீட்டிலை வைச்சிட்டுப் போனால், ஆளில்லாத நேரம் பார்த்து எவனும் வந்து அள்ளிக்கொண்டு போவான். பேந்து அது ஆற்றை கையிலை நிக்கும் எண்டு யோசிச்சனீரோ?"

நியாயமான பேச்சு. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். திருவிழா நாளில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்கக் கோயிலில்தான் இருக்கும். அது கள்ளர்களுக்கும் தெரியும்.

"ஆள் இருக்கும். நான் வீட்டிலை நிக்கிறன்" என்றேன்.

அவர் திகைத்துப் போனார். உபயகாரர் வீட்டு அம்மா திருவிழாவுக்கு வராமல் விடுவதா? எனக்கு மட்டும் விருப்பமா? புதுச் சேலை கட்டிலில் மடித்து வைத்தபடி இருந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தத் திருவிழாவை நான் தவறவிட்டதில்லை.

"சனம் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

"இடுப்புப் பிடிப்பு எண்டு சொல்லுங்கோ. இந்த முறை எனக்கு."

அவர் சிரிக்கவில்லை. கட்டிலில் போய் இருந்தார். உறையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கள்ளனுக்காக இல்லையப்பா... இது இல்லாமல் உந்த ஒழுங்கையாலை நடக்க எனக்குப் பயமாக் கிடக்கு."

ஒரு வருடமாக அவர் சொல்லாத சொல் அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் போய் இருந்தேன்.

"வயலுக்குள்ளாலை காசோடை வரேக்கை இது உங்களோடை இருக்கட்டும். நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனால் இண்டைக்குச் சுவாமிக்குத் தோள் குடுக்கப் போறியள். ஒரு கை இடுப்பிலை இருந்தால் ஆர் காவுறது?"

எழுந்தார். தோட்டாக்களைக் கழற்றினார். இரும்பு அலுமாரிக்குள் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டினார். அனுமதி அவர் பெயரில் என்பதால் திறப்பு அவரிடம்தான் இருக்க வேண்டும். அதை அரைநாண் கொடியில் முடிந்துகொண்டு, வெறும் மேலோடு படி இறங்கினார். கேற்றடியில் ஒருமுறை நின்றார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். துவக்கு அலுமாரிக்குள். திறப்பு கோயிலில். கள்ளன் வந்தால் நான் அகப்பையால்தான் சமாளிக்க வேண்டும். எங்களைக் காக்க வாங்கிய சாமானுக்கு, உபயத்தையும் விட்டுவிட்டு நான் காவல்!

மேளச் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அரோகராச் சத்தம் எழும்பியது. சுவாமி எழும்பிவிட்டார் என்று விளங்கியது. அந்தச் சத்தத்துக்குள் அவருடைய குரலைத் தேடிப் பார்த்தேன். கேட்குமா? ஆனாலும் தேடினேன்.

பிறகு சத்தம் ஓய்ந்தது. ராசமணி அக்கா வீட்டார் வந்துவிட்டார்கள். இவர் வரவில்லை. நான் கேற்றடியில் போய் நின்றேன். மத்தியான வெயில். ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. பயம் எனக்கும் தொற்றிவிட்டதா? ஓம், அந்தக் கொஞ்ச நேரம் நன்றாகவே தொற்றியிருந்தது.

திருப்பத்தில் வந்தார். தனியாக. மதிலோரமாக அல்ல, ஒழுங்கையின் நடுவால். மேலெல்லாம் வேர்வையும் சந்தனமும். இடது கைத் தழும்பு நீளத்துக்கு எவரோ திருநீறு பூசிவிட்டிருந்தார்கள். ஐயராகத்தான் இருக்கும். கோயிலில் உபயகாரருக்குத் தருகிற காளாஞ்சித் தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

இரண்டு கையாலும்.

"என்ன, தனிய வந்தனீங்களோ?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"ஓம். வேறை ஆரோடை வாறது?" என்றார், ஒன்றும் நடக்காதவர் மாதிரி. தட்டை என்னிடம் தந்துவிட்டுப் படியில் மெல்ல, மிக மெல்லக் குந்தினார்.

"தோப்புக்கரணம் போட்டனீங்களோ?"

"விட்டதெல்லாத்தையும் சேர்த்துப் போட்டன். சுவாமியும் காவினது... இஞ்சை பாரும், உந்த எண்ணெயிலை ஒண்டை எடுத்துக்கொண்டு வாரும். இடுப்புப் பிடிச்சுப் போச்சு."

ஐயரின் எண்ணெயைத்தான் திறந்தேன். நல்ல எண்ணெய். பாதிப் போத்தல் முடிந்துவிட்டது.

அடுத்த நாள் செட்டில் இருந்து வரும்போது ரிவோல்வர் அவர் இடுப்பில்தான் இருந்தது. இருக்கட்டும். அந்த வயல்வெளி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் தானாகவே கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, அரைக்கைச் சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு சந்திக்கு நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வந்தார்.

துவக்கு வாங்க நினைக்கிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். ஆனால் கடைக்குப் போக முன், வீட்டில் ஒருமுறை கோயிலுக்குப் போகிற மாதிரிச் சேட்டைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள்.