வந்து சேர்ந்ததாகச் சொன்ன படங்கள்

போன வாரம் குடும்ப அட்டைக்காக ஒரு படத்தை இணையத்தில் ஏற்றினேன். 'வெற்றிகரமாகப் பதிவேற்றப்பட்டது' என்று பச்சை டிக் வந்தது. நான் நகரவில்லை. திரும்ப உள்ளே போய், படம் உண்மையிலேயே திறக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். "பச்சை டிக்கப் பாத்து பயப்படற ஒரே ஆளு நீங்கதான்," என்றாள் மனைவி. அவளுக்குத் தேசம்மா அக்காவைத் தெரியாது.

அப்போது எனக்குப் பழவேற்காட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. ஜெராக்ஸ், லேமினேஷன், ரயில் டிக்கெட், அதோடு இணையதளம் எழுத நானாகக் கற்றுக்கொண்ட அரைகுறை பிஎச்பி. லேமினேஷன் சூடும் பக்கத்துக் கடைக் கருவாடும் கலந்த ஒரு வாசனை சட்டையில் ஏறிவிடும். எங்கள் ஊர் அனுப்பம்பட்டில் வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா மூக்கைப் பிடித்துக்கொள்வாள். நாங்கள் நெல் போடுகிற குடும்பம். முட்டியளவு தண்ணீரே எனக்கு ஆழம்.

பழவேற்காட்டு ஏரியில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைத் தடவி, கையாலேயே இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருப்பார்கள். முதன்முதலில் பார்த்தபோது கரையிலிருந்து ஏதோ கேட்டு, பதில் வரவில்லையென்று கோபித்துக்கொண்டு திரும்பிய மேதாவி நான்.

அவர்கள் தடவும் இடத்தில் ஒரு கம்பெனிக்காக மண் கொட்டப்போவதாகப் பேச்சு வந்தது. அதற்கு ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம். அங்கே பெண்கள் யாரும் தொழில் செய்வதில்லை என்று கம்பெனியின் அறிக்கை சொன்னது. சின்ன வயதிலிருந்தே அந்தச் சேற்றில் கைவைத்த தேசம்மா அக்கா நேரே கடைக்கு வந்தார்.

"நாங்க அங்க இல்லவே இல்லன்றாங்க தம்பி. கண்ணால காட்டுனாத்தான் நம்புவாங்களாம். இன்னா பண்லாம்?"

நான்தான் வீராப்பாக ஓர் இணையதளம் போட்டுக் கொடுத்தேன். போனில் எடுத்த படத்தை அவர்களே ஏற்றலாம். ஏற்றியதும் 'படம் வந்து சேர்ந்தது, நன்றி' என்று தமிழில் வரும். அந்த வரியில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா தண்ணீரில் நிற்க, அவருடைய நாத்தனார் கரையிலிருந்து படம் எடுப்பார். மற்ற பெண்களும் அப்படியே மாற்றி மாற்றி எடுத்து ஏற்றினார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு பிரிண்ட் போடலாமென்று திறந்தேன். பெயர் இருந்தது, தேதி இருந்தது. படம் இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் கட்டம். படத்தின் அளவு பெரிதாகிவிட்டதோ என்று வரம்பைக் கூட்டினேன். அசையவில்லை. கடைசியில் சர்வரின் பிழைப் பதிவைப் புரட்டினால், வரிக்கு வரி 'அனுமதி இல்லை' என்றிருந்தது. அவர்கள் ஏற்றத் தொடங்குமுன் தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றியபோது, படம் சேரும் ஃபோல்டரில் எழுத அனுமதி கொடுக்க நான் மறந்திருக்கிறேன். கொடுத்தேன். சோதனைக்கு என் மூஞ்சியை ஏற்றினேன், பளிச்சென்று வந்தது. நாற்காலியை விட்டுக் குதித்தேன்.

பிறகுதான் அதுவரை அவர்கள் ஏற்றிய படங்களின் நினைவு வந்தது. வருகிற படத்தைச் சர்வர் முதலில் ஒரு தற்காலிக இடத்தில் வைக்கும். அங்கிருந்து ஃபோல்டருக்கு நகர்த்த வேண்டியது நம் வேலை. நகராவிட்டால் அடுத்த நொடியே அது அழித்துவிடும். நகர்ந்ததா என்று பார்க்காமலேயே நன்றி சொல்லும்படி எழுதியிருந்தேன். ஒரே ஒரு வரிச் சோதனை, சோம்பேறித்தனத்தில் விட்டது.

சரி, போனில் இருக்குமே என்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"அதான் வந்துச்சுனு சொல்லுச்சே தம்பி. எல்லாரும் அழிச்சிட்டோம். கொட்டிக் குடுத்தப்புறம் கூடையக் கழுவித்தானே வெப்போம்?"

கரையில் இறாலைக் கொட்டிக் கொடுத்த கையோடு பறியை அலசிக் கவிழ்ப்பது அவர்கள் வழக்கம். போனையும் அப்படியே கவிழ்த்துவிட்டார்கள். என்னால் அவர்களை ஒரு வார்த்தை சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

"நாளைக்கே திரும்ப எடுத்துடலாங்க்கா," என்றேன்.

"எங்க போயி எடுப்ப? முந்தாநேத்தே கம்பி போட்டு மண்ணு கொட்டிட்டான்."

கூட்டத்தில் அக்கா எழுந்து பேசினார். மேடையிலிருந்த அதிகாரி, "படம் ஏதாவது இருக்காம்மா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். பின்வரிசையில் தலை குனிந்திருந்த என்னை அக்கா ஒருமுறை பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

"இருந்துச்சுங்க," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

போன வருஷம் அவரைப் பார்க்கப் போனேன். இப்போது ஒரு ஷெட்டில் யாரோ பிடித்த இறாலைத் தோலுரிக்கிறார். வெட்கத்தை விட்டு, அந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். வேலியோரம் நடந்தோம். உள்ளே வரிசையாக லாரிகள், புழுதி. அக்கா கம்பிக்குள் விரலை விட்டு ஒரு லாரியைக் காட்டினார்.

"அந்த டயர் கீதே, அங்க எனக்கு இடுப்பளவு தண்ணி."