கேட்டுக்கு உள்ளே ஆயா

பெங்களூரில் வேலை பார்க்கும் ஜப்பானியர்களின் பிள்ளைகள் படிக்கும் நர்சரியில் நான் இங்கிலீஷ் டீச்சர். இன்று காலை ஆப்பிள் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, நான்கு வயது ஹனா என் துப்பட்டாவை இழுத்து, என்னைத் தன் மொழியில் அம்மா என்று கூப்பிட்டுவிட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் படித்த நர்சரியில் என் அம்மாதான் ஆயா. நீலசந்திராவில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து இருவரும் ஒன்றாக நடந்து போவோம். கேட் வந்ததும் என் கையை விட்டுவிடுவாள்.

"உள்ள என்னை ஆயான்னுதான் கூப்பிடணும் கண்ணு. இல்லன்னா யாரும் உன்கூட வெளாட மாட்டாங்க."

ஃபினாயில் வாடையடிக்கும் கையால், எல்லாப் பிள்ளைகளுக்கும்போல எனக்கும் ஷூ மாட்டிவிடுவாள்.

ஒருநாள் சறுக்குமரத்திலிருந்து விழுந்தேன். முட்டியில் ரத்தம். "ஆயா, ஆயா" என்று அலறினேன். ஓடிவந்து தூக்கினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் காயத்தைத் துடைத்தபடி, "விழுந்தப்பகூட மறக்காம ஆயான்னே கூப்பிட்டியே, கெட்டிக்காரி" என்றாள். அதன்பின் வெகுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முகத்தை மூடியிருந்த ஹனாவின் விரல்களை மெல்ல விலக்கினேன். இவளுக்கு அம்மா என்று தவறி வந்துவிட்டது. அங்கே படித்த மூன்று வருஷத்தில் எனக்கு ஒருமுறைகூடத் தவறி வந்ததில்லை.