லீட்ஸ் அறையில் ஒரு ஜக்குத் தண்ணீர்

வெள்ளைப் பீங்கான் ஜக்கு. மூக்கோரம் சின்ன விரிசல். பக்கத்தில் கவிழ்த்து வைத்த இரண்டு கண்ணாடி டம்ளர்… இங்கிலாந்தில், லீட்ஸ் ஊரில் நான் குடியிருந்த அறை என்றால் அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. எனக்கு வயது தொண்ணூற்றேழு. நான் சொல்லச் சொல்ல மகள் டைப் அடிக்கிறாள். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

சுதந்திரம் வந்த மறுவருஷம். அருப்புக்கோட்டைத் தறிக்காரக் குடும்பத்திலிருந்து சாயத்தொழில் படிக்கப் போயிருந்தேன். ஆறே மாதத்தில் ஆளே மாறிவிட்டதாக நினைப்பு. கோட்டு, டை, முள்கரண்டி… ‘நான் இப்போது வேறு மனுஷன், மேல் கீழ் எதுவும் பார்ப்பதில்லை’ என்று வீட்டுக்குக் கடிதம் வேறு எழுதினேன். அவ்வளவு மிதப்பு.

அங்கேதான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். திருச்சுழிப் பக்கம். மிஷன் ஸ்காலர்ஷிப்பில் வாத்தியார் படிப்புக்கு வந்தவன். பஸ்ஸுக்கு நிற்கும்போது, “உங்களுக்கு எந்தூரு?” என்று நம் பேச்சு காதில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே வாரத்தில் ஒருத்தரை ஒருத்தர் “ஏலே” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

தன் வீடு சேரியில் என்று அவனேதான் சொன்னான். “அதுக்கென்னலே” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம், வெகுதூரம் நடந்துவிட்டு என் அறைக்கு வந்தோம்.

“தண்ணி குடுலே, நாக்கு வறண்டு போச்சு” என்றான்.

ஏதோ பேசிக்கொண்டே ஜக்கை எடுத்தேன். டம்ளரை எடுக்கவில்லை. கை தானாக மேலே போனது… அவனும் பேச்சோடு பேச்சாகக் குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயோடு சேர்த்துக்கொண்டான். நான் ஊற்றினேன். அவன் குடித்தான்.

“போதும் சாமி.”

அது அவன் வாயிலிருந்து வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

எங்கள் ஊருணியில் அப்படித்தான். சேரி ஆட்கள் இறங்கித் தண்ணீர் மொள்ளக் கூடாது. கரையில் காத்திருப்பார்கள். நாங்கள் செம்பை உயர்த்தி, விரல் படாமல் ஊற்றுவோம். பத்து வயதிலிருந்து நானும் ஊற்றியிருக்கிறேன். புண்ணியம் என்று வேறு நினைத்திருக்கிறேன்.

கார்ப்பெட்டெல்லாம் ஈரம். டம்ளர் இரண்டும் கவிழ்த்தது கவிழ்த்தபடி இருந்தன.

ஆரோக்கியம் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “நானும்ல கையேந்திட்டேன்” என்றான். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

பிறகு ஒரு டம்ளரை நிமிர்த்தி, அவனே ஊற்றி, வாய் வைத்துப் பாதி குடித்தான். மீதியை என்னிடம் நீட்டினான்.

“குடி.”

குடித்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கினேன்… அதையும் அவன் பார்த்துவிட்டான்.

“வாரேன்” என்று கிளம்பினான். மறுவாரமும் வந்தான், எப்போதும் போலப் பழகினான். ஊர் திரும்பும் வரை “ஏலே” என்று மட்டும் அவன் என்னைக் கூப்பிடவே இல்லை. வீட்டுக்கு எழுதிய அந்தக் கடிதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

இப்போது அந்த ஊருணியில் குப்பை கொட்டுகிறார்கள். எல்லார் வீட்டுக்கும் கேன் தண்ணீர் வருகிறது. கொண்டு வருகிறவர் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை, அவரும் வாசலில் நின்று காத்திருப்பதில்லை.

நான் மட்டும் யாருக்குத் தண்ணீர் ஊற்றினாலும், செம்பு டம்ளரில் முட்டுகிற வரை இறக்கித்தான் ஊற்றுகிறேன். “ஏம்ப்பா இப்படி இடிக்கிறீக, டம்ளரு உடைஞ்சிரும்” என்று மகள் எத்தனையோ வருஷமாகச் சத்தம் போடுகிறாள்.

இன்றைக்குத்தான் அவளுக்குக் காரணம் தெரியும்.